ஸ்டேட் மீட்டுக்குப் போகும் பிள்ளைகளை எங்கே தங்க வைப்பது: வகுப்பறையா, ஹாஸ்டலா, லாட்ஜா, மண்டபமா?

சப்ஜில்லா (உபமாவட்ட) போட்டி முடிந்து, ஜில்லாவும் தாண்டி, ஸ்டேட் மீட்டுக்கு, அதாவது கேரள மாநிலப் பள்ளி விளையாட்டு விழாவுக்கு, பெயர் வந்ததும் தமிழ்ப் பிள்ளைகள் படிக்கும் கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, மூணாறு, வண்டிப்பெரியாறு பக்கத்துப் பள்ளிகளில் ஒரே கேள்விதான் எழும். நாலைந்து நாளைக்குப் பிள்ளைகளை எங்கே படுக்க வைப்பது? அமைப்பாளர்கள் ஒரு பள்ளிக்கூடத்தில் வகுப்பறை ஒதுக்கித் தருகிறார்கள். பெற்றோர் சிலர் லாட்ஜ் போடலாம் என்கிறார்கள். யாரோ ஒருவருக்குக் கல்யாண மண்டபக்காரரைத் தெரியும். பழைய மாணவர் ஒருவர் கல்லூரி ஹாஸ்டலில் பேசிப் பார்க்கிறேன் என்கிறார். பி.டி.ஏ. (பெற்றோர்–ஆசிரியர் சங்கம்) கூட்டம் இரவு ஒன்பது வரை நீண்டும் முடிவு வருவதில்லை.

2024 நவம்பரில் கொச்சியில் கேரளப் பள்ளி விளையாட்டு விழா ஒலிம்பிக் மாதிரியில் நடந்ததிலிருந்து இந்தக் கேள்வி இன்னும் சிக்கலாகிவிட்டது. தடகளமும் மற்ற விளையாட்டுகளும் ஒரே வாரத்தில், ஒரே விழாவாக நடக்கின்றன. அந்த ஆண்டு தடகளம் எறணாகுளம் மகாராஜாஸ் கல்லூரி மைதானத்தில் நடந்தது; நீச்சல் கோதமங்கலத்தில். ஒரே பள்ளிப் பிள்ளைகள் இரண்டு ஊரில் போட்டியிட வேண்டியிருந்தால் ‘எல்லோரும் ஒரே இடத்தில்’ என்ற பழைய வழக்கம் எடுபடாது.

## முதலில் அளவுகோல்

வாடகையிலிருந்து தொடங்கினால் தப்பான இடத்தில்தான் போய் நிற்போம். காலை ரிப்போர்ட்டிங் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

நீண்ட ஓட்டமும் நடைப்போட்டியும் வெயிலுக்கு முன்னாலேயே வைக்கப்படும். ஏழு மணிக்கு ஓட்டம் என்று வையுங்கள். ஆறரைக்குப் பெயர் அழைப்பார்கள். வார்ம்-அப் ஐந்தே முக்காலுக்குத் தொடங்க வேண்டும். மைதானம் இருபது நிமிடத் தூரம் என்றால் வண்டி 5.20க்குக் கிளம்ப வேண்டும். அதற்கு முன் இரண்டு வாழைப்பழம், இரண்டு துண்டு ரொட்டி, கொஞ்சம் தண்ணீர். ஆக, 4.50க்குள் எல்லோரும் குளித்து முடித்திருக்க வேண்டும். முப்பது பிள்ளைகள், இரண்டு குளியலறை, ஆளுக்கு எட்டு நிமிடம் என்றால் 120 நிமிடம். முதல் பிள்ளை 2.50க்கு எழ வேண்டும்! அதே முப்பது பேருக்கு ஆறு குளியலறை இருந்தால் நாற்பது நிமிடம் போதும், 4.10க்கு எழுந்தால் சரி. ஒரு பிள்ளையின் தூக்கத்தில் ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் குளியலறை வரிசையிலேயே போகிறது. பந்தயத்தில் அரை நொடிக்காக ஆறு மாதம் பாடுபட்ட பிள்ளை அது.

13 முதல் 18 வயதுவரை உள்ளவர்களுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். 4.10க்கு எழ வேண்டியவர் எட்டு மணி நேரம் தூங்க 8.10க்கே விளக்கை அணைத்தாக வேண்டும். எனவே கேட்க வேண்டிய அடுத்த கேள்வி: அந்த இடத்தில் எட்டு மணிக்கு விளக்கை அணைக்க நம்மால் முடியுமா, அல்லது அது வேறு யார் கையிலாவது இருக்கிறதா?

மற்றவை இவை:

- பாதுகாப்பு. பெண் பிள்ளைகளுக்குத் தனித் தளம், உள்தாழ்ப்பாள், அதே தளத்தில் உறங்கும் பெண் ஆசிரியர். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. இதில் பயிற்சியாளருக்கும் விதிவிலக்கில்லை.
- தண்ணீரும் சாப்பாடும்.
- சாமான். ஈட்டி இரண்டு மீட்டர் அளவுக்கு நீளும். போல்வால்ட் கம்பு நாலு மீட்டரைத் தொடும். திருப்பம் உள்ள மாடிப்படியில் அது ஏறாது.
- செய்தி வந்து சேர்வது. நேர மாற்றமும் அறிவிப்பும் மலையாளத்தில்தான் வரும். மலையாளம் அதிகம் பழகாத எஸ்டேட் பிள்ளைக்கு ‘ராவிலெ ஏழு மணி’ என்பது இரவு ஏழு மணியாகக் காதில் விழும். மலையாளத்தில் அது காலை.
- எல்லாம் சேர்த்துத் தலைக்கு எவ்வளவு.

## ஒதுக்கப்பட்ட வகுப்பறை

வாடகை இல்லை. சாப்பாடு பெரும்பாலும் மையச் சமையலறையிலிருந்து வரும். அமைப்புக் குழுவின் ஆள் அங்கேயே இருப்பதால் நேர மாற்றம் உடனே தெரிந்துவிடும். பக்கத்து அறையில் காசர்கோட்டுப் பிள்ளைகள், எதிர் அறையில் வயநாட்டுப் பிள்ளைகள் என்று பழகக் கிடைக்கும் வாய்ப்பு வேறு எங்கும் இல்லை. இதைச் சிறிய லாபமாக நினைக்க வேண்டாம். பிள்ளைகள் பல வருடம் கழித்தும் நினைவில் வைத்திருப்பது இதைத்தான்.

ஆனால் பள்ளிக்கூடம் பகலுக்காகக் கட்டியது. தேசியக் கட்டட விதித்தொகுப்பில் பகல் பள்ளிக்குத் தலைக்கு நாளொன்றுக்கு 45 லிட்டர் தண்ணீர் கணக்கு. விடுதிக்கு 135 லிட்டர். பகல் கணக்கில் வைத்த டேங்க்கில் இரவும் தங்குபவர்கள் குளித்து, துவைத்தால் மூன்றில் ஒரு பங்கு ஆட்களுக்குத்தான் போதும். முதல் நாள் சாயங்காலம் நன்றாகத்தான் இருக்கும். இரண்டாம் நாள் காலை ஐந்தரைக்குக் குழாய் காற்றை விடும். மோட்டார் சாவி யாரிடம், டேங்க் எத்தனை லிட்டர், லாரித் தண்ணீருக்கு யார் பொறுப்பு என்ற மூன்றையும் கிளம்புவதற்கு முன்பே கேட்டு வையுங்கள்.

இடத்தைப் பொறுத்தவரை, 20க்கு 20 அடி வகுப்பறை 400 சதுர அடி. ஓரமாக அடுக்கிய பெஞ்சும் டெஸ்க்கும் 80 சதுர அடியைப் பிடிக்கும். பாய், பை, நடக்க வழி எல்லாம் சேர்த்து ஆளுக்கு 38 சதுர அடி என்றால் எட்டுப் பேருக்கு மேல் கூடாது. இருபது பேரைப் போட்டால் ஒருவர் ஒன்றுக்குப் போக எழுந்தாலே நாலு பேர் விழித்துக்கொள்வார்கள். பேரிடர் முகாம்களுக்கான ஸ்பியர் அளவுகோலே ஆளுக்கு 3.5 சதுர மீட்டர், இருபது பேருக்கு ஒரு கழிவறை என்கிறது. விளையாட்டுப் பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவாகத் தருவதில் நியாயமில்லை.

கழிவறைதான் பெரிய குறை. வரிசையாக யூரினல் இருக்கும், உட்காரும் கழிவறை குறைவாக இருக்கும், குளியலறை என்று தனியாக ஒன்றும் இருக்காது. ஆண் பிள்ளைகள் குழாயடியில் குளித்துவிடுவார்கள். பெண் பிள்ளைகளுக்குத் தாழ்ப்பாள் உள்ள மறைவிடம், மூடியுள்ள குப்பைக்கூடை, வாளி ஆகியவை இருக்கின்றனவா என்று பார்த்தே ஆக வேண்டும். இவை இல்லை என்றால் பெண்கள் அணிக்கு வகுப்பறை வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. தண்ணீர் குடித்தால் கழிவறைக்குப் போக வேண்டுமே என்று தண்ணீரையே தவிர்க்கும் பிள்ளை மறுநாள் டிராக்கில் தசை பிடித்து உட்கார்ந்துவிடும்.

மின்சாரம் இன்னொரு கண்ணி. வகுப்பறையில் இருப்பது ஒன்றிரண்டு 6 ஆம்பியர் பிளக். 230 வோல்ட்டில் அது தாங்குவது 1,380 வாட். யாராவது 1,500 வாட் வாட்டர் ஹீட்டர் கம்பியை எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகினால் ஒயர் சூடாகி உருகும்; கீழே ஈரத் தரை. ஹீட்டர் கம்பிக்கு முழுத் தடை போடுங்கள். செல்போன் சார்ஜ் போடுவதை ஆசிரியர் அறையில் மட்டும் வைத்துக்கொண்டால் இரவில் போன் பார்ப்பதும் நின்றுவிடும்.

அக்டோபர், நவம்பர் துலா மழைக் காலம். மத்தியானம் இடியோடு வரும் மழையில் நனைந்த ஜெர்சி வகுப்பறைக்குள் இரண்டு நாள் ஆனாலும் காயாது. இருபது மீட்டர் நைலான் கயிறு, ஷூவுக்குள் திணிக்கப் பழைய செய்தித்தாள், பத்து மில்லிமீட்டர் ஃபோம் பாய், பூட்டு, தாழ்ப்பாள் இரண்டு, திருப்புளி, பதினைந்து லிட்டர் வாளி நாலு: இவ்வளவும் வண்டியில் ஏற வேண்டும். மறைமுகச் செலவு இங்கேதான் இருக்கிறது.

## கல்லூரி அல்லது விளையாட்டு ஹாஸ்டல்

கிடைத்தால் இதைவிட நல்ல இடம் இல்லை. கட்டில், தளத்துக்குத் தளம் குளியலறை, வார்டன், மெஸ் என்று எல்லாம் இரவு தங்குவதற்காகவே அமைந்தவை. சிக்கல் கிடைப்பதில்தான். மீட் நடக்கும் மாதத்தில் கல்லூரியும் நடந்துகொண்டிருக்கும். காலியாக இருப்பது ஒரு தளமோ பாதித் தளமோ மட்டுமாக இருக்கும். வயதில் மூத்த கல்லூரி மாணவர்களோடு பதின்மூன்று வயதுப் பிள்ளைகளை ஒரே தளத்தில் கலக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். இலவசமாகத் தந்தாலும் வேண்டாம்.

நேரக் கட்டுப்பாடு அடுத்தது. மெஸ்ஸில் காலைச் சாப்பாடு ஏழரைக்கு என்றால் ஏழு மணி ஓட்டக்காரருக்கு அது பயன்படாது; ஐந்து மணிக்கு அவித்த நேந்திரம்பழமாவது கிடைக்குமா என்று மெஸ் பொறுப்பாளரிடம் எழுதி வாங்குங்கள். கேட் ஒன்பதுக்குப் பூட்டினால் விளக்கொளியில் நடக்கும் இறுதிப் போட்டி முடிந்து வருபவர்கள் வெளியே நிற்பார்கள். காஷன் டெபாசிட் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகலாம். அதைச் செலவுக் கணக்கில் சேர்க்காமல் தனியாக எடுத்து வையுங்கள்.

கட்டில் ஆறடிதான் இருக்கும். வாலிபால், கூடைப்பந்துப் பிள்ளைகளில் ஆறடி இரண்டு அங்குலக்காரர் கால் நீட்ட முடியாமல் மடங்கிப் படுப்பார். கால்மாட்டில் பலகை இல்லாத கட்டிலை அவருக்கு ஒதுக்குங்கள். இரட்டை அடுக்குக் கட்டிலில் கணுக்கால் சுளுக்கியவரை மேலே அனுப்பக் கூடாது.

மூணாறு, தேவிகுளம் பிள்ளைகளுக்கு ஹாஸ்டல் கூடுதலாகப் பொருந்தும். 1,500 மீட்டர் உயரத்தில் கம்பளி போர்த்தித் தூங்கிப் பழகியவர்களுக்குக் கொச்சியின் புழுக்கமான இரவு பெரிய தொல்லை. உடல் வெப்பத்துக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். இரண்டு நாள் முன்னால் போவதால் அது கைகூடாது. தலைக்கு மேல் ஓடும் ஃபேன் இருந்தால் தூக்கமாவது தப்பும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் வளர்ந்த சித்தூர்ப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடு குறைவு.

## லாட்ஜ்

மூன்று பேருக்கு ஒரு குளியலறை கிடைக்கிறது. மேலே போட்ட கணக்கில் இது எல்லாவற்றையும் வென்றுவிடும்: 24 நிமிடத்தில் அறையே தயார். இரவு விளக்கு, ஃபேன், சத்தம் மூன்றும் நம் கையில். அம்மை, படர்தாமரை பரவும் வாய்ப்பும் குறைவு.

குறை, மூடிய கதவுகள். எட்டு அறையில் இருபத்துநாலு பிள்ளைகள் இருந்தால் எட்டுக் கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியாது. டி.வி., போன், நள்ளிரவுப் பேச்சு எல்லாம் நடக்கும். ஒரே தளத்தில் வரிசையான அறைகள், வரிசையின் இரண்டு முனையிலும் ஆசிரியர் அறை, எட்டரைக்கு டி.வி. ரிமோட்டும் போனும் ஆசிரியரிடம் என்பதை முன்பணம் கொடுக்கும்போதே பேசி முடியுங்கள். மற்ற விருந்தினர் நடமாடும் தளமாக இருந்தாலோ கீழே பார் இருந்தாலோ அந்த லாட்ஜை விட்டுவிடுங்கள். பெயர் பதியத் தலைமையாசிரியர் கையெழுத்தும் முத்திரையும் போட்ட படத்தோடு கூடிய சான்று, ஆதார் நகல், பெற்றோர் சம்மதக் கடிதம் மூன்றும் இரண்டு செட் வேண்டும்.

பில்லில் ஒளிந்திருப்பவை: ஜிஎஸ்டி, மூன்றாமவருக்கு எக்ஸ்ட்ரா பெட், இருபத்துநாலு மணி நேரக் கணக்கா மதியம் பன்னிரண்டு மணிக் கணக்கா என்பது. கடைசி நாள் போட்டி மூன்று மணிக்கு இருந்து அறையைப் பன்னிரண்டுக்குக் காலி செய்யச் சொன்னால் பிள்ளைகள் பையோடு படிக்கட்டில்தான் உட்கார வேண்டும். ஒரு அறையையாவது அன்று இரவுவரை வைத்துக்கொள்ளுங்கள். நவம்பர் நடுவில் மண்டலக் காலம் தொடங்கிவிட்டால் சபரிமலைப் பாதையில் உள்ள ஊர்களில் அறை வாடகை ஏறும், ரயிலும் நிரம்பிவிடும்.

சாப்பாடு ஓட்டலில். ராத்திரி பரோட்டாவும் எண்ணெய்க் குழம்பும் ஓட்டத்துக்கு ஆகாது. இட்லி, கஞ்சி–பயறு, சோறு–மோர் தரும் ஒரு மெஸ்ஸை முதல் நாளே பிடித்துக்கொள்ளுங்கள். கேரள ஓட்டல்களில் தம்ளரில் இளஞ்சிவப்பாகப் பதிமுகத் தண்ணீர் (பதிமுக மரக்கட்டை போட்டுக் கொதித்தது) வைப்பார்கள். அது கொதித்து ஆறியதா, அல்லது கொதித்ததில் பச்சைத் தண்ணீர் விளாவியதா என்று கண்ணுக்குத் தெரியாது, நிறம் ஒன்றேதான். தம்ளரைத் தொட்டுப் பாருங்கள்: சூடு இருந்தால் குடிக்கலாம், வெதுவெதுப்பாக இருந்தால் கேட்டுத்தான் குடிக்க வேண்டும். இப்படி விளாவும் தண்ணீரிலும் மஞ்சள் காமாலை பரவும்.

## கல்யாண மண்டபம்

நாலைந்து பள்ளிகள் சேர்ந்து, தொண்ணூறு நூறு பேராகப் போனால் மட்டும் யோசியுங்கள். பெரிய சமையலறை, அண்டா, பாத்திரம் எல்லாம் இருப்பதால் நம் ஊர்ச் சமையல்காரரைக் கூட்டிப்போய் நாம் சொன்ன நேரத்தில் நாம் சொன்ன சாப்பாடு போடலாம். இந்த ஒரு வசதிக்காகவே சிலர் மண்டபத்தை விடுவதில்லை.

தூக்கத்துக்கு மோசமான இடம் இதுதான். கிரானைட் தரையும் தகரக் கூரையும் ஒரு இருமலை நூறு பேருக்குக் கொண்டுபோகும். விளக்குகள் வரிசை வரிசையாக ஒரே சுவிட்சில் எரியும். குளியலறை மணமகன், மணமகள் அறைகளில் மட்டும் இருக்கும். ஒரே ஹால் என்பதால் ஆண், பெண் இருபாலரையும் வைக்கவே கூடாது. வாடகை தவிரக் கரண்ட் யூனிட் கணக்கு, கிளீனிங், ஜெனரேட்டர் டீசல், கேஸ் சிலிண்டர் தனி. இடையில் ஒரு நாள் முகூர்த்தம் இருந்தால் முந்தின நாள் மத்தியானமே காலி செய்யச் சொல்வார்கள். பஞ்சாங்கத்தையும் மண்டபப் புக்கிங் நோட்டையும் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள். அம்மை தொற்றி வெளியே தெரிய 10 முதல் 21 நாள் ஆகும். எனவே கடந்த மூன்று வாரத்தில் வீட்டில் யாருக்காவது அம்மை இருந்ததா என்று ஒவ்வொரு பெற்றோரிடமும் கேளுங்கள். ஒரே ஹாலில் ஒருவருக்கு இருந்தால் நூறு பேருக்கும் ஆபத்து.

தினமும் போய் வருவது என்ற ஐந்தாவது வழி பாலக்காட்டிலேயே நடக்கும் ஜில்லா மீட்டுக்குச் சரி. ஒரு வழிப் பயணம் ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் வேண்டாம்.

## கணக்கு

24 பிள்ளைகள், 3 ஆசிரியர், 4 இரவு. கீழே உள்ள விலைகள் மாதிரிக்கு வைத்தவை. உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். வண்டி எல்லாவற்றுக்கும் நாளுக்கு 3,500 ரூபாய் என்று ஒரே கணக்கு.

| | வகுப்பறை | ஹாஸ்டல் | லாட்ஜ் | மண்டபம் |
|---|---|---|---|---|
| தங்க | 0 | 27,000 (ஆளுக்கு இரவுக்கு 250) | 60,000 (10 அறை, 1,500 வீதம்) | 68,000 (வாடகை 60,000, கரண்ட் முதலியன 8,000) |
| சாப்பாடு | குழு தரும் | 21,600 | 32,400 | 21,600 |
| பாய், தண்ணீர் கேன் | 8,640 | – | – | 7,200 |
| வண்டி | 14,000 | 14,000 | 14,000 | 14,000 |
| மொத்தம் | 22,640 | 62,600 | 1,06,400 | 1,10,800 |
| பிள்ளைக்கு | சுமார் 943 | சுமார் 2,608 | சுமார் 4,433 | சுமார் 4,617 |
| குளியலறை | மிகக் குறைவு | போதும் | தாராளம் | குறைவு |
| தூக்கம் | சுமார் | நல்லது | நல்லது | மோசம் |
| கண்காணிப்பு | எளிது | எளிது | கடினம் | எளிது |
| நீளச் சாமான் | வராந்தாவில் வைக்கலாம் | கீழ்த்தளம் இருந்தால் | இடமில்லை | தாராளம் |

மண்டபக் கணக்கு 24 பேருக்குக் கட்டுபடியாகாது. 90 பிள்ளைகளும் 10 பெரியவர்களும் சேர்ந்து, நாளுக்கு 8,000 ரூபாயில் பெரிய பஸ் பிடித்தால் மொத்தம் சுமார் 2,07,000; பிள்ளைக்குச் சுமார் 2,300 ஆகிறது. ஆள் எண்ணிக்கைதான் அதைக் காப்பாற்றுகிறது.

## யாருக்கு எது

போட்டி ஒன்பது மணிக்கு மேல்தான் தொடங்குகிறது, ஆண்கள் அணி, ஆள் பதினைந்துக்குள் என்றால் வகுப்பறை போதும். மிச்சப்படும் பணத்தில் நல்ல ஃபோம் பாயும் பழமும் வாங்குங்கள். காலை ஓட்டக்காரர், நடைப்போட்டிக்காரர் இருந்தால் ஹாஸ்டல். அது கிடைக்காவிட்டால் அவர்களை மட்டும், ஆளாளுக்கு அவரவர் போட்டிக்கு முந்தின இரவு, லாட்ஜுக்கு மாற்றுங்கள். நாலு இரவும் எல்லோருக்கும் லாட்ஜ் போடுவதைவிட இது எவ்வளவோ மலிவு. மாற்றும்போது மலையாளம் வாசிக்கத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் அவர்களோடு போக வேண்டும். பெண் பிள்ளைகள் போனால் பெண் ஆசிரியர்.

குத்துச்சண்டை, மல்யுத்தம், ஜூடோ பிள்ளைகளுக்கு எடை பார்க்கும் இடத்துக்குப் பக்கம் இருப்பதே முதல் தகுதி. அவர்களுடைய டவலும் பாயும் தனியாக இருக்கட்டும்; படர்தாமரை தெரிந்தால் போட்டி விரிப்பில் இறங்கவே விடமாட்டார்கள். மாற்றுத்திறன் பிள்ளைகள் அணியில் இருந்தால் சாய்தளமும் கைப்பிடியுள்ள கழிவறையும் இருக்கும் இடம்தான் மொத்த அணிக்கும் இடம். அவர்களை மட்டும் பிரித்து வேறு கட்டடத்தில் போடாதீர்கள்.

மைதானங்கள் இரண்டு ஊரில் பிரிந்திருந்தால் அணியையும் பிரியுங்கள். கொச்சி மீட் போல அமைந்தால் மூணாற்றிலிருந்து அடிமாலி, நேரியமங்கலம் வழியாக இறங்கும் வண்டி கோதமங்கலத்தைத் தாண்டித்தான் போகும். நீச்சல் பிள்ளைகளை அங்கேயே இறக்கிவிடலாம்.

எந்த இடமானாலும் சுவரில் மூன்று தாள் ஒட்டுங்கள்: நாளைய நேரப்பட்டியல் தமிழில், குளியல் முறை பெயரோடு, உதவி எண்கள் 1098, 112. பிள்ளையிடம் யாராவது தவறாக நடந்தது தெரிய வந்தால் அணிக்குள் பேசி முடிக்கக் கூடாது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19ஆம் பிரிவின்படி, தெரிந்தவர் போலீசுக்குத் தெரிவித்தாக வேண்டும்.

இடம் பார்க்கப் போகிறவர் பகல் பதினோரு மணிக்குப் போனால் எல்லாக் குழாயிலும் தண்ணீர் வரும். காலை ஐந்தரைக்குப் போங்கள். பதினைந்து லிட்டர் வாளியை மேல் தளத்துக் கடைசிக் குளியலறைக் குழாய்க்குக் கீழே வையுங்கள்; பக்கத்துக் குழாய்கள் இரண்டையும் திறந்துவிடுங்கள். வாளி நிறைய மூன்று நிமிடத்துக்கு மேல் ஆனால் அந்தக் குளியலறையைக் கணக்கில் பாதியாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.